அமெரிக்க சுங்கத்துக்கு திருப்பூர் காம்பவுண்ட் சுவர் எதுக்கு?

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் ஒரு நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். அன்றைக்கு அமெரிக்க பையர் சார்பில் ஒரு ஆடிட்டர் வந்திருந்தார். துணியையோ தையலையோ அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. காம்பவுண்ட் சுவரைச் சுற்றி வந்தார், கேமராக்களை எண்ணினார், வாட்ச்மேனின் ரிஜிஸ்டரைப் புரட்டினார். சரக்கு ஏற்றும் முன் காலி கன்டெய்னரை யார் சோதிக்கிறார்கள், சீலை யார் பூட்டி வைக்கிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவர் போனதும் நண்பன் கேட்டான்: "நான் அனுப்புறது டி-ஷர்ட்டு. என் சுவரு எத்தனை அடின்னு அமெரிக்கா கஸ்டம்ஸுக்கு எதுக்குடா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததன் குறிப்புதான் இது. அந்த ஆடிட்டுக்குப் பின்னால் இருப்பது சி-டிபேட் என்ற திட்டம். பெயரைத் தமிழில் சொன்னால் 'பயங்கரவாதத்துக்கு எதிரான சுங்க-வணிகக் கூட்டு'. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு பிறந்த திட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி அதற்கு 8 வருடம் முன்பு நடந்தது.

பழைய முறை: அதிகாரி பார்ப்பார், அதிகாரி சொல்வார்

அமெரிக்கா புதிய அரசியல் சட்டத்தின் கீழ் இயங்கத் தொடங்கிய 1789இலேயே, ஜூலை 4 அன்று இறக்குமதித் தீர்வைச் சட்டம் கையெழுத்தாகிவிட்டது. அதே மாதக் கடைசியில் சுங்கத் துறையும் வந்தது. அரசாங்கத்துக்குப் பணம் வேண்டும், வேறு வழி இல்லை. 1913இல் வருமான வரி நிலைபெறும் வரை, மத்திய அரசின் முதன்மையான வருமானங்களில் சுங்கம் ஒன்றாகவே இருந்தது.

அந்தக் காலத்துச் சுங்கத்தின் அடிப்படை எளிது. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, அதிகாரி பார்த்தார். இது என்ன பொருள், எந்த வகையில் சேரும், மதிப்பு என்ன, தீர்வை எவ்வளவு என்பதையெல்லாம் முடிவு செய்வது அதிகாரியின் வேலை. வணிகர் காகிதங்களைக் கொடுத்துவிட்டு, சொன்ன தொகையைக் கட்டினால் போதும். தப்பு நடந்தால் அதைக் கண்டுபிடிப்பதும் அதிகாரியின் பாடு.

இந்த முறைக்கு முதல் அடி கன்டெய்னர் கொடுத்தது. 1956 ஏப்ரலில் மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. மூட்டை மூட்டையாக இறக்கியபோது எல்லாம் அதிகாரியின் கண்முன்னால் போனது. இப்போது சீல் வைத்த இரும்புப் பெட்டி ஒன்று கப்பலிலிருந்து நேராக லாரியில் ஏறிப் போகிறது. ஒரு 40 அடிப் பெட்டியை முழுக்க இறக்கிப் பார்த்துத் திரும்ப ஏற்ற வேண்டுமானால், பல ஆட்களுக்குப் பல மணி நேரம் ஆகும். எல்லாப் பெட்டிகளையும் அப்படிப் பார்த்தால் துறைமுகமே நின்றுவிடும். 2001 வாக்கில், அமெரிக்காவுக்கு வந்த கன்டெய்னர்களில் சுமார் 2% மட்டுமே திறந்து பார்க்கப்பட்டன என்று அடிக்கடி எழுதுவார்கள். அப்படியானால் மீதி 98% எந்த தைரியத்தில் உள்ளே போயிற்று?

1993: வேலை கை மாறியது

பதில் 1993 டிசம்பரில் வந்த சுங்க நவீனமயமாக்கல் சட்டத்தில் இருக்கிறது. நாஃப்டா ஒப்பந்தத்தை அமல்படுத்தும் சட்டத்தோடு சேர்ந்து வந்ததால், அது அன்றைக்குப் பெரிய செய்தியாகவில்லை. ஆனால் சுங்க வரலாற்றில் அதுதான் திருப்பம் என்பது என் கருத்து.

அந்தச் சட்டம் பொறுப்பை இரண்டாகப் பிரித்தது. சட்டம் என்ன கேட்கிறது என்பதை வணிகருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது அரசின் கடமை. அதைத் தெரிந்துகொண்டு, பொருளின் வகையையும் மதிப்பையும் தீர்வை விகிதத்தையும் 'நியாயமான கவனத்தோடு' தானே அறிவிக்க வேண்டியது இறக்குமதியாளரின் கடமை. "எனக்குத் தெரியாது, ஏஜென்ட் போட்டுக் கொடுத்தார்" என்று சொல்லிக் கை கழுவ முடியாது. கடைசி முடிவு சுங்கத்திடமே இருந்தாலும், முதல் கணக்கு இனி வணிகருடையது.

கூடவே ஆவணங்கள். பொதுவாக 5 வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கேட்ட ஆவணத்தை வேண்டுமென்றே தராமல் விட்டால், அந்தச் சரக்குக்கு 1 லட்சம் டாலர் அல்லது அதன் மதிப்பில் 75%, இரண்டில் எது குறைவோ அது வரை அபராதம் போடலாம். சோதனை துறைமுகத்திலிருந்து வணிகரின் அலுவலக அலமாரிக்கு இடம் மாறியது இப்படித்தான். பெட்டியைத் திறப்பதற்குப் பதிலாக, பிற்பாடு கணக்கைத் திறக்கிறார்கள்.

இன்னொரு ஏற்பாடு 1978 சட்டத்திலேயே வந்துவிட்டது. விசாரணை தொடங்குவதற்கு முன்பே வணிகர் தானாக வந்து "இந்த இடத்தில் தப்பாக அறிவித்துவிட்டேன்" என்று சொல்லி, குறைவாகக் கட்டிய தீர்வையையும் வட்டியையும் கட்டினால், மோசடி அல்லாத தவறுகளுக்கு அதோடு விஷயம் முடிந்தது. மோசடி என்று பிடிபட்டாலோ, சரக்கின் முழு மதிப்பு வரை அபராதம் போகலாம். ஒப்புக்கொள்வதை மலிவாகவும் மறைப்பதைச் செலவாகவும் வைத்துவிட்டால், கணக்கை ஒழுங்காக வைக்க வணிகருக்கே ஆசை வரும். பின்னால் வந்த எல்லாக் கூட்டுத் திட்டங்களும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

2001: பாலத்தில் நின்ற லாரிகள்

இனி எல்லோருக்கும் தெரிந்த பாதி. செப்டம்பர் 11க்குப் பிறகு அமெரிக்க எல்லைகளில் சோதனை உச்சத்துக்குப் போனது. டெட்ராய்ட்டையும் கனடாவின் விண்ட்சரையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தில் சில நிமிடங்களில் கடக்கும் லாரிகள் 10 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. அந்தப் பகுதியின் கார் ஆலைகள் உதிரிபாகங்களைக் குவித்து வைப்பதில்லை. தேவைப்படும் நேரத்துக்குத்தான் லாரி வரும். லாரி நின்றதும், சில நாட்களுக்குள்ளேயே சில ஆலைகள் வேலையை நிறுத்த வேண்டி வந்தது.

அந்த மாதம்தான் சுங்கத் துறையின் தலைவராக ராபர்ட் பானர் பதவியேற்றிருந்தார். எல்லாவற்றையும் சோதித்தால் வியாபாரம் சாகும், சோதிக்காமல் விட்டால் ஆபத்து. ஆக, யாரைச் சோதிக்க வேண்டாம் என்று முதலில் தெரிய வேண்டும். 2001 நவம்பரில் 7 பெரிய இறக்குமதி நிறுவனங்களோடு சி-டிபேட் தொடங்கியது.

இதற்கு ஒத்திகையும் முன்பே நடந்திருந்தது. 1980களில் போதைப்பொருள் கடத்தலைத் தடுக்க விமான, கப்பல் நிறுவனங்களோடு சுங்கத் துறை இதே மாதிரி ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. 1990களில் அது ஏற்றுமதி செய்யும் ஆலைகள் வரை நீண்டது. எதிரியை மாற்றி, அதே ஏற்பாட்டைப் பெரிதாக்கினார்கள்.

ஒப்பந்தம் இதுதான்: சேருவது விருப்பம், கட்டணம் கிடையாது. இறக்குமதியாளர் தன் சரக்கு வரும் வழி முழுவதையும், அதாவது வெளிநாட்டு ஆலை, லாரி, துறைமுகம், கப்பல் எல்லாவற்றையும் பாதுகாப்பாக வைத்திருப்பதாகக் காட்ட வேண்டும். பதிலுக்கு அவருடைய பெட்டிகளுக்குக் கணினி போடும் ஆபத்து மதிப்பெண் குறையும், சோதனை குறையும், சோதனை வந்தாலும் வரிசையில் முன்னால் போகலாம்.

நண்பனின் கம்பெனியில் ஆடிட்டர் கேட்டது எல்லாம் இங்கிருந்து வந்ததுதான். காலிப் பெட்டியின் முன்சுவர், இடது, வலது, தரை, கூரை, கதவு, அடிப்பாகம் என்று ஏழு இடங்களைப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ 17712 தரத்தில் உள்ள சீலைப் போட வேண்டும். போட்டபின் பார், எண்ணைச் சரிபார், இழு, திருகு.

அடுத்த வருடமே, 2002இல், இரண்டு பாதிகளும் சேர்ந்தன. 'இறக்குமதியாளர் சுயமதிப்பீடு' என்ற திட்டம் வந்தது. சி-டிபேட்டில் இருக்கும் நிறுவனம், தீர்வைக் கணக்கையும் தானே சோதித்துக்கொள்ளும் உள்கட்டுப்பாடு தன்னிடம் இருக்கிறது என்று காட்டினால், சுங்கத்தின் விரிவான தணிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கு. ஏதாவது தப்பு சுங்கத்தின் கண்ணில் பட்டாலும் முதலில் நிறுவனத்துக்குத் தெரிவித்து, தானாக ஒப்புக்கொள்ள 30 நாள் அவகாசம் தருவார்கள். 1978இன் மன்னிப்பு, 1993இன் பொறுப்பு, 2001இன் பயம் மூன்றும் ஒரே திட்டத்தில். 2020இல் இதை சி-டிபேட்டின் ஒரு பிரிவாகவே ஆக்கிவிட்டார்கள்.

நம்பினேன் என்றால் பார்த்தாயா?

இதில் ஓர் ஓட்டை இருந்தது. ஜிஏஓ என்கிற நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003லும் 2005லும் சுட்டிக்காட்டியது அதைத்தான். நிறுவனம் எழுதிக் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டே சலுகையைக் கொடுத்துவிடுகிறார்கள். நேரில் போய்ப் பார்ப்பது பிறகு, அதுவும் சிலரிடம் மட்டும். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த தவறு. முதலில் அனுமதியைக் கொடு, சரிபார்ப்பதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

2006 அக்டோபரில் வந்த துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் இதைச் சரிசெய்தது. உறுப்பினர்களை மூன்று படிகளாகப் பிரித்தது. காகிதம் மட்டும் பார்த்த நிலையில் சிறு சலுகை, நேரில் சரிபார்த்தபின் பெரிய சலுகை, கேட்டதற்கும் மேலாகச் செய்பவர்களுக்கு இன்னும் மேல்படி. 4 வருடத்துக்கு ஒரு முறையாவது மறுபடி சரிபார்க்கவும் வேண்டும்.

அடுத்த வருடம், 2007இல், நாடாளுமன்றம் எதிர்த்திசையிலும் முயன்றது. அமெரிக்கா வரும் எல்லாக் கன்டெய்னர்களையும், 100%, வெளிநாட்டுத் துறைமுகத்திலேயே ஸ்கேன் செய்ய வேண்டும், கெடு 2012 என்று சட்டம் போட்டது. கெடு வந்தது, தள்ளிப் போட்டார்கள். பிறகும் தள்ளிப் போட்டார்கள். 100% இன்னும் வரவில்லை. கூட்டுத் திட்டமோ 11,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு, அமெரிக்க இறக்குமதியில் மதிப்பின்படி பாதிக்கும் மேல் கையாள்கிறது. எல்லோரையும் சந்தேகப்படுவது கட்டுப்படி ஆகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

செலவு யார் தலையில்?

இப்போது நண்பனின் சுவருக்கு வருவோம். சி-டிபேட்டில் உறுப்பினராக முடிவது அமெரிக்க இறக்குமதியாளர்கள், கப்பல், லாரி நிறுவனங்கள், கஸ்டம்ஸ் ஏஜென்ட்கள் போன்றவர்களால்தான். ஆலைகளில் மெக்சிகோ, கனடா ஆலைகளுக்கு இடம் உண்டு. திருப்பூர் ஆலைக்கு இல்லை. ஆனால் பையர் தன் சலுகையைக் காப்பாற்ற வேண்டுமானால் திருப்பூர் ஆலையின் சுவரும் கேமராவும் சரியாக இருக்க வேண்டும். ஆக, வரிசையில் முன்னால் போகிறவர் ஒருவர், சுவர் கட்டுகிறவர் இன்னொருவர்.

1993இல் அரசு தன் வேலையின் ஒரு பகுதியை இறக்குமதியாளரிடம் கொடுத்தது. 2001க்குப் பிறகு இறக்குமதியாளர் அதில் ஒரு பகுதியை ஆலையிடம் கொடுத்தார். ஆலைக்குக் கீழே கைமாற்ற ஆள் இல்லை. கூட்டு என்ற சொல்லில் இந்த வரிசை தெரிவதில்லை. தனியாக ஒரு கம்ப்ளையன்ஸ் துறையே வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது சின்னச் செலவு. 40 மெஷின் வைத்திருப்பவருக்கு அப்படி இல்லை.

இதற்குப் பாதி மருந்து உலக அளவில் வந்தது. 2005 ஜூனில் உலக சுங்க அமைப்பு 'சேஃப்' என்ற பொதுச் சட்டகத்தை ஏற்றது. நம்பகமான வணிகருக்கு ஏஇஓ என்று பொதுப்பெயர் வந்தது. 2008இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தொடங்கியது. ஒரு நாட்டின் சான்றிதழை இன்னொரு நாடு ஏற்கும் ஒப்பந்தங்களும் வந்தன.

இந்தியாவும் ஏறக்குறைய அமெரிக்கா போன வழியிலேயே போயிருக்கிறது. 2005இல் இறக்குமதியாளர்களுக்கான அங்கீகாரத் திட்டம், 2011இல் தீர்வையைத் தானே மதிப்பிடும் முறை, அதே வருடம் ஏஇஓ சோதனை முயற்சி. 2016இல் பழைய அங்கீகாரத் திட்டத்தையும் சேர்த்து மூன்று படிகள் கொண்ட ஏஇஓ. மேல்படிகளில் இருப்பவர்கள் சரக்கை எடுத்துவிட்டுத் தீர்வையைப் பிறகு கட்டலாம். சிறு நிறுவனங்களுக்குச் சில நிபந்தனைகளைப் பிறகு தளர்த்தினார்கள். 2021இல் இந்தியாவும் அமெரிக்காவும் ஒருவர் திட்டத்தை மற்றவர் ஏற்க ஒப்பந்தம் போட்டன.

நண்பனிடம் போனில் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப சுவத்தைக் கட்டினது நானு, நல்ல பேரு அவனுக்கா?" என்றான். "இதுவரைக்கும் அப்படித்தான். ஆனா சுவரும் இருக்கு, ரிஜிஸ்டரும் இருக்கு. ஏஇஓவுக்கு நீயே அப்ளை பண்ணினா, அதே சுவருக்கு உன் பேர்ல ஒரு சான்றிதழ் கிடைக்கலாம்" என்றேன். என்னென்ன பேப்பர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.