மகுடத்துக்குப் பின்னால் மிளகுக்கொடி

மலாய் சுல்தான்கள் என்றதும் தெங்கோலோக் எனும் தலைப்பாகைதான் நினைவுக்கு வரும். ஜொகூரில் மட்டும் ஐரோப்பிய பாணி மகுடம் வந்தது ஏன்?

இந்தக் கேள்விக்கான விடை, ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசாரில் தொடங்குகிறது. 1866-இல் அபு பக்கார் கட்டி முடித்த இந்த அரண்மனைதான், பின்னாளில் அரச நகைகளும் வெள்ளிப் பாத்திரங்களும் ஆயுதங்களும் கொண்ட அருங்காட்சியகமானது.

அதே 1866-இல் அவர் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணியைச் சந்தித்தார். 1868-இல் மகாராஜா ஆனார். 1885 ஒப்பந்தத்தில் பிரிட்டன் அவரைச் சுல்தானாக ஏற்றது, 1886-இல் முடிசூடினார். பேராவும் சிலாங்கூரும் 1874 முதலே பிரிட்டிஷ் ரெசிடெண்டுகளின் பிடியில் இருந்தன. அந்த நேரத்தில் 'நானும் உங்களுக்கு நிகரான அரசன்' என்று சொல்லாமல் சொன்னது அந்த மகுடம். ஜொகூர் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றது 1914-இல்தான்.

இத்தனைக்கும் பணம்? காட்டை அழித்து மிளகும் காம்பீரும் பயிரிட்ட சீனர்களின் உழைப்பே பெரும் வருமானம். வெற்றிலையோடு மெல்லும் அதே காம்பீர்தான். தோல் பதனிட ஏற்றுமதியானது. இலையை வேகவைத்துச் சாறெடுத்த பின் மிஞ்சிய சக்கை, மிளகுக்கொடிக்கு உரம்.

பின்னர் ரப்பர் வந்தது. இளம் ரப்பர் மரங்களுக்கு இடையே அன்னாசியும் வளர்ந்தது. தமிழர்களும் தோட்டங்களில் வியர்வை சிந்தினர். அன்னாசியின் பெயரையே தாங்கி நிற்கும் பெக்கான் நானாஸில், அந்தப் பழத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

பிள்ளைகளுக்கு மகுடத்தின் கதையைச் சொல்லும்போது, அந்தத் தோட்டங்களின் கதையையும் சேர்த்தே சொல்வோம்.