கடற்படையில் எலுமிச்சைச் சாறு

ஸ்கர்வி நோயைத் தடுக்கும் எலுமிச்சைச் சாறு பிரித்தானியக் கடற்படையின் அன்றாடப் படியாவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. படை அமைப்புகளில் ஒரு புதிய கருத்து வேரூன்றும் விதத்தையும், வேரூன்றிய பின்னும் பட்டுப்போகும் விதத்தையும் அறிய இதைவிடத் தெளிவான வரலாறு அரிது.

ஸ்கர்வி கண்டவருக்கு ஈறு வீங்கி இரத்தம் கசியும். என்றோ ஆறிய தழும்புகூட மறுபடி புண்ணாகும். 1740–44இல் ஆன்சன் தலைமையில் உலகைச் சுற்றிய பயணத்தில், புறப்பட்ட ஏறத்தாழ 1,900 பேரில் பெரும்பாலோர் நோய்களுக்கே பலியாயினர்.

1747இல் சாலிஸ்பரி கப்பலின் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். ஒரு சோடிக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல்நீர் எனச் சோடிக்கொரு வைத்தியம். தினமும் இரண்டு ஆரஞ்சும் ஒரு எலுமிச்சையும் தின்ற இருவரே விரைவில் தேறினர். 1753இல் இதை நூலாகவும் வெளியிட்டார். ஆனால் பழம் கெடாமலிருக்க அவர் பரிந்துரைத்தது, சாற்றைச் சூடாக்கிச் சுண்டவைத்த பாகு. சூட்டில் சத்து அழிந்துவிட, கடலில் அந்தப் பாகு பலன் தரவில்லை. கருத்து சரியாக இருந்தும் செய்முறை அதைத் தோற்கடித்தது.

திருப்பம் 1794இல் வந்தது. இங்கிலாந்திலிருந்து எங்கும் கரை தொடாமல் 23 வாரம் ஓடிய சஃபோக் கப்பலில், மாலுமிகளின் ரம்மில் சாறும் சர்க்கரையும் நாள்தோறும் கலந்து கொடுக்கப்பட்டன. ஒருவரும் ஸ்கர்வியால் இறக்காமல் கப்பல் மதராஸ் வந்து சேர்ந்தது. மறு ஆண்டே, செல்வாக்குள்ள மருத்துவர் கில்பர்ட் பிளேனின் முயற்சியால் சாறு கடற்படைப் படியில் இடம்பெற்றது. ரம்மோடு சேர்ந்துவிட்டதால் அதைக் குடிக்கத் தனியாக யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை; வழக்கம் நிலைத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு என்றே சொல்லவேண்டும். ஹாஸ்லர் கடற்படை மருத்துவமனைக்கு 1780இல் 1,457 ஸ்கர்வி நோயாளிகள் வந்தனர், 1806இல் ஓரிருவரே.

1860களில் மத்தியதரைக் கடல் நாடுகளின் தடித்தோல் எலுமிச்சைக்குப் பதிலாக, மேற்கிந்தியத் தீவுகளின் சிறு எலுமிச்சை வாங்கப்பட்டது. நம் வீடுகளில் ஊறுகாய் போடும் வகைதான் அது. புளிப்புதான் மருந்து என்று நம்பியதால் இரண்டும் ஒன்றெனக் கருதினர். உண்மையில் நோயைத் தடுக்கும் ஆற்றல் சிறு எலுமிச்சையில் மிகக் குறைவு. பதப்படுத்திச் சேமிக்கையில் அதிலும் பெரும்பகுதி போனது. நீராவிக் கப்பல்கள் பயண நாட்களைக் குறைத்துவிட்டதால் இந்தக் குறை வெளியே தெரியவில்லை. 1875–76இல் நேர்ஸ் தலைமையில் ஆர்க்டிக் சென்ற குழு சாற்றைக் கையில் வைத்துக்கொண்டே ஸ்கர்வியில் விழுந்தது. சாறே பயனற்றது என்ற எண்ணம் பரவி, கெட்டுப்போன இறைச்சியே காரணம் என்று மருத்துவர்கள் பேசத் தொடங்கினர். ஸ்கர்வியைத் தடுக்கும் சத்து வைட்டமின் சி என்று உறுதியானது 1932இல்தான்.