கர்லாக்கட்டையிலிருந்து அதிர்வுக்கோல் வரை: நம் தோள்பட்டையின் கதை



"கையை மேலே தூக்கவே முடியலை சார், சட்டை மாட்டக்கூட ஒரு ஆள் வேண்டியிருக்கு." கடலூரானாலும் சிதம்பரமானாலும், மாலை நடைப்பயிற்சியில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டவுடன் இரண்டு யோசனைகள் வரும். ஒருவர் "கையை அசைக்காமல் வையுங்கள்" என்பார். இன்னொருவர் "யாராவது பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்" என்பார். இரண்டுமே தவறு. ஏன் என்பதைத் தோள் பயிற்சியின் வரலாற்றைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

பழைய வீடுகளின் பரணில் கர்லாக்கட்டை கிடப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். பிடி மெலிந்து, அடி பருத்த மரக்கட்டை. சிலம்பமும் குஸ்தியும் பழகியவர்கள் அதைத் தலைக்குப் பின்னாலும் பக்கவாட்டிலும் சுற்றுவார்கள். பாரம் கையை விட்டுத் தள்ளி இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் அது தோளை வெளியே இழுக்கும். தோளைச் சுற்றியுள்ள தசைகள் அதைப் பிடித்து நிறுத்தியாக வேண்டும். பக்கத்திலுள்ள புதுச்சேரியில் இன்றும் இதைக் கற்றுத் தருகிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி 1690இல் நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது உங்களுக்குத் தெரியும். பின்னாளில் இந்தியாவின் பல பகுதிகளில் தங்கிய ஆங்கிலப் படையினர் இந்தக் கட்டைப் பயிற்சியைப் பார்த்து, தங்கள் நாட்டுக்கும் கொண்டு போனார்கள். 1830களில் லண்டனில் டொனால்டு வாக்கர் தம் உடற்பயிற்சி நூலில் இதைச் சேர்த்தார். 1866இல் நியூயார்க்கில் சிம் கெஹோ இதற்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். 'இந்தியன் கிளப்' என்ற பெயரில் பள்ளிகளிலும் படைமுகாம்களிலும் பரவிய கட்டை, 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குகளில் போட்டியாகவே நடந்தது.

கட்டை சுழன்றுகொண்டிருந்த அதே காலத்தில் ஐரோப்பாவில் அதிர்வையும் மருந்தாக்கிப் பார்த்தார்கள். சுவீடனில் குஸ்தாவ் சாண்டர் 1865இல் தொடங்கிய நிலையத்தில் உடலைக் குலுக்கும் இயந்திரங்களும் இருந்தன. பாரிஸில் மருத்துவர் ஷார்கோ, நடுக்குவாத நோயாளிகள் நீண்ட ரயில் பயணத்துக்குப் பின் தெம்பாக உணர்வதைக் கவனித்து, ஆடும் நாற்காலி ஒன்றைச் செய்வித்தார். 1892இல் அதைப் பற்றி உரையும் நிகழ்த்தினார்.

தோளுக்குத் திரும்புவோம். அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் காட்மன் 1934இல் எழுதிய நூலில்தான் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயர் வந்தது. முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டு, கடிகார ஊசல்போல் மெல்ல ஆட்டும் பயிற்சிக்கும் அவர் பெயரே வழங்குகிறது.

1990களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயன்முறை சிகிச்சையாளர் புரூஸ் ஹைமன்சன் வடிவமைத்த 'பாடிபிளேடு' பரவியது. நீண்டு வளையும் பட்டை அது. நடுவில் பிடித்துக் குலுக்கினால் இரு முனைகளும் வினாடிக்கு நாலரை முறை அதிரும்.

இதில் என்ன பயன்? நம் தோள்மூட்டு சிறு தட்டில் வைத்த எலுமிச்சம்பழம் போன்றது. பழம் பெரிது, தட்டு ஆழமில்லாதது. அது நழுவாமல் காப்பதில் பெரும்பங்கு சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளுக்கு உண்டு. கோல் அதிரும்போது விசை நொடிக்கு நொடி திசை மாறும். முன்தசையும் பின்தசையும் சேர்ந்து இறுகி மூட்டை நடுவில் நிறுத்தப் பழகும். கர்லாக்கட்டை பெரிய வட்டத்தில் கேட்ட வேலையைத்தான் கோல் சிறு துடிப்பில் கேட்கிறது. ஆனால் இது மந்திரக்கோல் அல்ல. மற்றப் பயிற்சிகளோடு சேர்த்துச் செய்யும் ஒன்று, அவ்வளவுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தோள் இறுகிவிட்டது என்றால் பரணிலிருந்து கட்டையை இறக்காதீர்கள். கோலையும் இணையத்தில் வாங்கிவிடாதீர்கள். வலி மிகுந்த கட்டத்தில் ஊசல் ஆட்டம் போன்ற மென்மையான அசைவே ஏற்றது. பலம் சேர்க்கும் பயிற்சி வலி அடங்கிய பிறகுதான். நாற்பது முதல் அறுபது வயதுக்காரர்களுக்கு, அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், இந்த இறுக்கம் கூடுதலாக வருகிறது. அதனால் சர்க்கரை அளவையும் பாருங்கள். விழுந்து அடிபட்டிருந்தாலோ, திடீரெனக் கை தூக்க முடியாமல் போனாலோ தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

இந்த இறுக்கம் நீங்க ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். வயதாகிவிட்டது என்று கையை மடியிலேயே வைத்துவிட்டால், தலைவாரவும் கொடியில் துணி போடவும் அடுத்தவரை எதிர்பார்க்கும் நிலை நிலைத்துவிடும். உங்கள் வீட்டில் யாராவது சில வாரங்களாகத் துணி உலர்த்தும் வேலையைச் சத்தமில்லாமல் தவிர்த்து வந்தால், காரணத்தை இன்றே கேளுங்கள்.