அன்று நோகாத கால் இன்று ஏன் நோகிறது?

காலுக்கு வைத்தியம் பார்ப்பதற்காக மாமா வன்னியிலிருந்து கண்டிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறார். 2009 மார்ச்சில் புதுமாத்தளனில் ஷெல் துண்டொன்று அவருடைய தொடையைக் கிழித்தது.

"அப்ப ஒரு நோவும் தெரியேல்லை தம்பி. பிள்ளையத் தூக்கிக்கொண்டு பங்கருக்கு ஓடினன். சாரம் நனைஞ்சதைக் கண்டபிறகுதான் தெரிஞ்சுது" என்பார்.

காயம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் இரவில் கால் எரிகிறது. அன்று நோகாதது இன்று நோகிறது என்றால் யார் நம்புவார்கள் என்பதே அவருடைய கவலை.

இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் தொடர்புடைய இடம் ஒன்று நம் தலைக்குள் இருக்கிறது: மூளையை முண்ணாணுடன் இணைக்கும் மூளைத்தண்டு.

காயத்தின் செய்தி நரம்பு வழியே முண்ணாணின் பின்பக்கத்துக்கு வந்து, அங்கே அடுத்த நரம்புக்கலத்துக்குக் கைமாறி, மூளைக்கு ஏறுகிறது. கைமாறும் அந்த இடத்தில் மூளைத்தண்டு குறுக்கிட முடியும். நடுமூளையிலிருந்து புறப்படும் கட்டளை நீள்வளைய மையவிழையம் வழியாக முண்ணாணுக்கு இறங்குகிறது. அங்கே செரோடொனின், நோர்அட்ரினலின், என்கெபலின் போன்ற பொருட்கள் சுரந்து, வலிச்செய்தி மேலே ஏறுவதைக் குறைக்கின்றன. என்கெபலின் என்பது உடல் தானே செய்யும் மோர்பீன் போன்றது. 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் அதைக் கண்டறிந்தார்கள்.

உயிர் தப்ப ஓடவேண்டிய நேரத்தில் இந்தத் தடுப்பு பலமாக வேலை செய்யும். இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்த படையினரைப் பார்த்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வலிநிவாரணி வேண்டாம் என்றதாக 1946 இல் எழுதினார். 1969 இல் ரெனோல்ட்ஸ் என்பவர் எலிகளின் நடுமூளையை மின்சாரத்தால் தூண்டி, மயக்கமருந்து இல்லாமலே வயிற்றில் சத்திரசிகிச்சை செய்து காட்டினார்.

ஆனால் இதே பாதை வலியைக் கூட்டவும் செய்யும். நரம்பு சேதமடைந்து வலி நீடிக்கும்போது தடுப்பு தளர்ந்து, கூட்டும் பக்கம் ஓங்கிவிடலாம். நித்திரையின்மையும் நீங்காத பயமும் அதை மோசமாக்கும். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் வலி பொய்யாகிவிடாது.

சென்ற மாதம் கண்டியில் ஒரு கிளினிக்கில் மாமாவுக்கு அமிற்றிப்டிலின் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கென்று தமிழில் விளக்க அங்கே ஆள் இருக்கவில்லை. அது மனநோய்க் குளிசை என்று யாரோ சொல்ல, "எனக்கு விசர் எண்டு நினைச்சிட்டினம்" என்று நிறுத்திவிட்டார்.

மனச்சோர்வுக்கும் அந்தக் குளிசை கொடுக்கப்படுவது உண்மை. ஆனால் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். முன்சொன்ன செரோடொனின், நோர்அட்ரினலின் இரண்டையும் அது முண்ணாணில் கூடுதல் நேரம் நிற்கவைத்து, தளர்ந்த தடுப்புக்குத் துணைசெய்கிறது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். எல்லோருக்கும் பலன் கிடைப்பதில்லை. நித்திரைத் தூக்கமும் வாய் வறட்சியும் வரலாம். இதய நோயோ கண் அழுத்த நோயோ இருந்தால் முதலிலேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இதையெல்லாம் ஒரு தாளில் வரைந்து மாமாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் பொய் சொல்லேல்லை" என்றார். அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன், மொழிபெயர்க்க.