பற்றவைப்புத் தரக் கண்காணிப்பின் வரலாறு: ஊடுகதிர்ப் படம் முதல் ஒளியிழை உணரி வரை

முன்னுரை

உலோகத் துண்டுகளின் விளிம்புகளை உருக்கி ஒன்றாக்குவது பற்றவைப்பு. உலோகம் உருகி உறையும் சில நொடிகளிலேயே அவ்விணைப்பின் தரம் பெரிதும் முடிவாகிவிடுகிறது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பணி முடிந்த பின்னரே அத்தரம் சோதிக்கப்பட்டது. இந்தக் கால இடைவெளி எவ்வாறு குறைந்தது, அதனால் தீராத சிக்கல் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

முறிவுகள் கற்பித்தவை

1938 மார்ச் 14 அன்று பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில், ஆல்பர்ட் கால்வாயின் மீது முழுவதும் பற்றவைத்துக் கட்டப்பட்டிருந்த பாலம் முறிந்து வீழ்ந்தது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லந்து துறையில், அமைதியான நீரில் நின்றிருந்த ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல் ஏறத்தாழ இரண்டாகப் பிளந்தது. ரிவெட் ஆணிகளால் இணைத்த கப்பலில் ஒரு தகட்டில் தோன்றும் விரிசல் பெரும்பாலும் அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலிலோ உடல் முழுவதும் ஒரே தொடர்ச்சி, விரிசலுக்குத் தடையில்லை. குளிரில் நொறுங்கும் எஃகும் வடிவமைப்பும் இம்முறிவுகளுக்குக் காரணமாயினும், பற்றவைப்பிலிருந்த சிறு குறைகளே விரிசலின் தொடக்கப் புள்ளிகளாகப் பலமுறை அமைந்தன. இதனால் ஊடுகதிர்ப் படமும் பின்னர் மீயொலி ஆய்வும் முதன்மை பெற்றன. இரண்டுமே முடிந்த இணைப்பில் குறையைக் கண்டறிவன. குறை உருவாகும்போது அறிவிப்பன அல்ல.

ஒளியிழையின் வருகை

1954இல் ஹாப்கின்சும் நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினர். 1966இல் காவோவும் ஹாக்கமும் தூய கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு ஏற்றதென நிறுவினர். 1978இல் கனடாவில் கென்னத் ஹில் குழுவினர், இழைக்குள் ஒளியைக் கொண்டே கீற்றணியை உருவாக்க இயலும் எனக் கண்டனர்.

பற்றவைப்புக்கு இவ்விழை பொருந்துவதற்குத் தெளிவான காரணம் உண்டு. நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும் மின்வில்லின் அருகே மின் உணரிகளின் குறிகை குலையும். கண்ணாடி இழையை மின்காந்த இடையூறு பாதிப்பதில்லை. இழை இருவகையில் பயன்படுகிறது. முதல் வகையில், மின்வில்லின் ஒளியை இழை நிறமாலைமானிக்குக் கொண்டு செல்கிறது. நிறமாலைக் கோடுகளின் செறிவு விகிதத்திலிருந்து பிளாஸ்மாவின் எலக்ட்ரான் வெப்பநிலை கணிக்கப்படுகிறது. காப்பு வாயு குறைந்தாலோ மின்னோட்டம் பிறழ்ந்தாலோ அம்மதிப்பு உடனே மாறுகிறது. ஸ்பெயினின் கான்டாப்ரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர். இரண்டாம் வகையில், இணைப்புக்குச் சற்று விலகிப் பொருத்தப்படும் பிராக் கீற்றணி, வெப்பத்தையும் திரிபையும் அலைநீள மாற்றமாகக் காட்டுகிறது. 1550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு செல்சியசுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் மாற்றம் நிகழும்.

எஞ்சும் வினா

நிறமாலையில் தோன்றும் பிறழ்வு குறைக்கான அறிகுறியே, குறையன்று. எந்தப் பிறழ்வு நுண்துளையைக் குறிக்கிறது என்பதை ஊடுகதிர்ப் படத்தோடு ஒப்பிட்டே அறிய முடியும். ஹைட்ரஜனால் பல மணி நேரம் கழித்துத் தோன்றும் விரிசலைப் பற்றவைக்கும் நேரக் கண்காணிப்பு காணாது.

இதனினும் ஆழமான வரம்பை நார்வேயின் அலெக்சாண்டர் கீலந்து மிதவைத் தளத்தின் வீழ்ச்சி உணர்த்துகிறது. 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அது கவிழ்ந்து, அதிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். நீரொலிக் கருவியொன்றின் தாங்கியைப் பொருத்த இடப்பட்ட 6 மில்லிமீட்டர் பற்றவைப்பே முறிவின் மூலம். விரிசலுக்குள் வண்ணப்பூச்சு காணப்பட்டது. அதாவது, கட்டுமானத் தளத்திலேயே விரிசல் இருந்தது. கருவி தாங்கும் துணை உறுப்பாகவே கருதப்பட்டதால், அவ்விணைப்பு சுமை தாங்கும் இணைப்புக்குரிய கவனத்தைப் பெறவில்லை.

முடிவுரை

குறை உருவாவதற்கும் அறியப்படுவதற்கும் இடைப்பட்ட காலத்தை ஒளியிழை உணரி நொடிகளாகச் சுருக்கியுள்ளது. எந்த இணைப்பைக் கண்காணிக்க வேண்டும் என்பதையோ அது முடிவு செய்வதில்லை. கீலந்துத் தளத்தில் தவறியது அம்முடிவே. ஆதலின், பற்றவைப்புத் தரத்தின் வரலாறு கருவிகளின் வளர்ச்சியோடு, எது முக்கியம் என மனிதர் வகுத்த வரிசையின் வரலாறாகவும் வாசிக்கத்தக்கது.