அம்பாவும் வின்ச்சும்: உடப்புக் கரைவலையின் கதை

புத்தளம் மாவட்டத்தில் கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவில ஒரு மணல் துண்டு. அதில இருக்கிறதுதான் உடப்பு. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள் என்று ஊரார் சொல்வார்கள். திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பால் ஊரைத் தெரிந்தவர்கள் பலர். ஆனால் ஊருக்குச் சோறு போட்டது கரைவலை.

கரைவலை என்றால் என்ன? வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் வைத்துவிட்டு, மறுபக்கத்தைத் தோணியில் ஏற்றிக் கடலுக்குள் அரைவட்டமாகச் சுற்றி வளைத்து, வேறோர் இடத்தில் கரைக்குக் கொண்டுவருவார்கள். பிறகு ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க ரெண்டு கூட்டமும் நெருங்கி வரும். நடுவில் இருக்கும் மடிக்குள் மீன் சேரும்.

முப்பது, நாற்பது பேர் ஒரே மூச்சில் இழுக்கிறது லேசில்ல. அதுக்குத்தான் அம்பா. ஒருவர் அடியெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தத் தாளத்துக்குக் கயிறு நகரும். அம்பா பொழுதுபோக்குப் பாட்டு இல்ல, அது ஒரு வேலைக்கருவி.

மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசினால் கரைவலை படுத்துவிடும். அப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். அதனால் உடப்பார் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி அடித்துத் தொழில் செய்தார்கள். காற்றுதான் அவர்களின் நாட்காட்டி. போர் வந்து அந்த வழியை அடைத்தது.

இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்தான் வலையை இழுக்கிறது. கடலடிக்கும் கரைக்கும் கேடு என்று அரசாங்கம் தடை போடுகிறது. இழுக்க ஆள் இல்லையே, எப்படித் தொழில் செய்வது என்று மீனவர்கள் கேட்கிறார்கள். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு.

ஆனால் ஒன்றை யோசிச்சுப் பாருங்க. வலையில் கைவைத்த ஒவ்வொருவருக்கும் பங்கு இருந்தது. வயசானவருக்கும் கயிற்றில் ஓர் இடம் கிடைத்தது. வின்ச் வந்தால் அந்த இடங்கள் குறையும். கைகள் குறைந்தால் பாடவும் ஆள் இல்லை. அம்பாவை ஒலிப்பதிவு செய்து வைப்பது நல்லதுதான். அது மட்டும் போதாது. பாட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால், கயிற்றைப் பிடித்தவர்களின் பங்கைப் பற்றியும் பேசித்தான் ஆகணும்.