மார்த்தா ஒளித்துவைத்த பொம்மை

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ நகரில் சட்டர் கோட்டை என்றொரு பழைய கோட்டை இருக்கிறது. அதன் அருங்காட்சியகச் சேகரிப்பில் பேர்போன பொருள்களில் ஒன்று, சுமார் நான்கு அங்குல மரப்பொம்மை. கறுப்பு வண்ணம் தீட்டிய முடி, கறுப்புக் கண்கள், மேலே ஒரு சின்ன உடுப்பு. எட்டு வயதுச் சிறுமியின் கைக்குள் அடங்கிவிடும். 1846 ஏப்ரலில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து புறப்பட்ட இந்தப் பொம்மை, மறுவருஷம் மார்ச்சில் சியரா நெவாடா மலையைக் கடந்தது. அதோடு புறப்பட்ட சாமான்கள் பெரும்பாலும் வழியிலேயே போய்விட்டன.

பொம்மைக்குச் சொந்தக்காரி மார்த்தா ரீட். அப்பா ஜேம்ஸ் ரீட் வசதியானவர். அதே வட்டாரத்து டானர் சகோதரர்களோடு சேர்ந்து மேற்கே குடியேறக் கிளம்பினார். அவர் தன் குடும்பத்துக்கென்று செய்வித்த கூண்டு வண்டிக்குப் பக்கவாட்டில் படியும் வாசலும் உண்டு. உள்ளே இரும்பு அடுப்பு, வில் வைத்த இருக்கைகள், படுக்க மேல்தளம். நோயாளியான மார்த்தாவின் பாட்டி சாரா கீஸையும் அதில் படுக்கவைத்துக் கூட்டிப் போனார்கள். மே 29ஆம் தேதி, கான்சாஸில் பிக் ப்ளூ ஆற்றங்கரையில் பாட்டி இறந்துபோனார். மரத்தைப் பிளந்து பெட்டி செய்து அங்கேயே புதைத்தார்கள். பாட்டியின் நரைமுடிக் கற்றை ஒன்று மார்த்தாவிடம் தங்கியது. பொம்மைக்கு முதல் வழித்துணை அதுதான்.

வண்டித் தொடரில் போன பிள்ளைகளுக்குப் பெரிய திருநாள் ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர தினம். ரீட் கிளம்பும்போது ஊர் நண்பர்கள் ஒரு மதுப்புட்டியைக் கொடுத்து, அன்றைக்கு வரை திறக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஜூலை 4 நண்பகல் 12 மணிக்கு அவர் கிழக்கே பார்த்துக் குடிக்க வேண்டும். ஊரில் அவர்கள் மேற்கே பார்த்துக் குடிப்பார்கள். பிளாட் ஆற்றை ஒட்டிய பீவர் ஓடைக்கரையில் அப்படியே நடந்தது. பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாறு கிடைத்தது. மார்த்தாவின் அக்கா வர்ஜீனியாவுக்கு அப்போது 13 வயது. எழுத்துப்பிழைகள் மலிந்த ஒரு கடிதத்தில் இதையெல்லாம் அவள் ஊருக்கு எழுதினாள்.

அந்தக் கடிதத்தின் தேதி ஜூலை 12; எழுதிய இடம் வயோமிங்கில் உள்ள இண்டிபெண்டென்ஸ் பாறை. அந்தப் பாதையில் போகிறவர்களுக்கு இந்தத் திருநாள் ஒரு கெடுவும்கூட. ஜூலை 4க்குள் அந்தப் பாறையைத் தொட்டுவிட்டால், பனி விழுமுன் மலையைத் தாண்டிவிடலாம் என்பது கணக்கு. பாறைக்குப் பெயர் வந்ததும் அந்த நாளால்தான். ரீட், டானர் குடும்பங்கள் திருநாளைக் கொண்டாடியபோது பாறை இன்னும் ஒரு வாரப் பயணத் தொலைவில் இருந்தது.

பிந்தியதைச் சரிக்கட்ட ஒரு குறுக்குவழியைப் பிடித்தார்கள். லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் புத்தகம் போட்டுப் பரப்பிய வழி அது. வாசாட்ச் மலையில் பாதையே இல்லை. மரம் வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதற்கப்பால் பெரிய உப்பேரிப் பாலைவனம், தண்ணீரில்லாத சுமார் 80 மைல். தாகத்தில் ரீட்டின் காளைகள் ஓடிப்போயின. வண்டிகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். போகப்போக மூட்டை குறைக்க வேண்டியதாயிற்று. பிள்ளைகளும் தங்கள் பொருள்களைப் போட்டுவிட்டு வர வேண்டும் என்றானது. மார்த்தா மூன்றை மட்டும் போடவில்லை. பாட்டியின் முடி, ஒரு குட்டிக் கண்ணாடி உப்புக்கிண்ணம், மரப்பொம்மை. மூன்றையும் முடிந்து உடைக்குள் செருகிக்கொண்டாள்.

அக்டோபரில் வழித்தகராறு ஒன்றில் ரீட்டின் கத்தி ஒருவரைக் கொன்றது. கூட்டம் அவரை விலக்கிவைத்தது. அவர் முன்னே போய் சட்டர் கோட்டையை அடைந்தார். மனைவி மார்கரெட்டும் நான்கு பிள்ளைகளும் மற்றவர்களோடு இன்றைய டானர் ஏரிக்கரையில் பனியில் மாட்டிக்கொண்டார்கள். மரக்குடிசையின் கூரையாகப் போட்டிருந்த மாட்டுத்தோலையே உரித்து, பசை போலாகும்வரை வேகவைத்துத் தின்றார்கள். வீட்டு நாயும் உணவாயிற்று.

அந்தக் குடிசையில் கிறிஸ்துமஸ் வந்தது. அதே கரையில் இருந்த பேட்ரிக் பிரீன் அன்றைய நாட்குறிப்பில் ஓயாத பனியையும், விறகு சேர்ப்பதன் சிரமத்தையும், காலை ஜெபத்தையும் எழுதிவைத்தார். மார்கரெட் அந்த நாளுக்கென்று யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் எடுத்துவைத்திருந்தார்: ஆப்பிள் வற்றல், கொஞ்சம் பீன்ஸ், ஒரு துண்டு மாட்டுக்குடல், சின்னதாக உப்பிட்ட பன்றி இறைச்சி. பானை கொதிப்பதைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். இன்றைக்கு வேண்டியமட்டும் சாப்பிடலாம், மெல்லச் சாப்பிடுங்கள் என்றார் அம்மா. பிற்காலத்தில் எந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில் உட்கார்ந்தாலும் மனசு அந்த ஏரிக்கரைக்குப் போய்விடும் என்று வர்ஜீனியா எழுதினார்.

பசித்த பிள்ளைகள் எதிரிலிருக்க, ஒரு பிடி பீன்ஸை ஒரு தேதிக்காக எடுத்துவைப்பது சமையல் கணக்குக்கு ஒத்துவராது. எடுத்துவைக்காமல் இருந்திருந்தால் என்றைக்கோ ஒரு நாளின் கஞ்சியில் கரைந்து போயிருக்கும். மார்கரெட் அதைத் திருநாளாக்கினார். வயிற்றுக்கு உதவாத பொம்மையை மகள் பத்திரப்படுத்தியதும் ஏறக்குறைய அதே காரியம்தான்.

பிப்ரவரியில் முதல் மீட்புக் குழு வந்தது. மார்த்தாவும் தம்பி தாமஸும் நடக்கத் திராணியில்லாமல் பாதியில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அம்மா மற்ற இருவரோடு போக வேண்டியதாயிற்று. மார்ச் முதல் தேதி இரண்டாம் குழுவோடு அப்பாவே வந்தார். இறங்கும் வழியில் பனிப்புயல் மறித்தது. மார்த்தா மூச்சடங்கும் நிலைக்குப் போனாள். காலியான உணவுப்பைகளைச் சுரண்டிக் கிடைத்த துணுக்குகளை ரீட் தன் கையுறையின் கட்டைவிரலுக்குள் சேமித்திருந்தார். அதை வாயில் வைத்துத்தான் அவளைத் தேற்றினார்கள். ஆபத்து நீங்கி, வயிறு நிறைந்து, தீயருகே உட்கார்ந்த பிறகு மார்த்தா முடிச்சை அவிழ்த்துப் பொம்மையை வெளியே எடுத்தாள்.

கூட்டத்தில் இருந்த 87 பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் மாண்டார்கள். மலையில் அகப்பட்ட ரீட் பிள்ளைகள் நால்வரும் தாயும் பிழைத்தார்கள். 1918 ஜூனில் ஏரிக்கரையில் நினைவுச்சின்னம் திறந்தபோது 80 வயது மார்த்தா நேரில் வந்திருந்தார். அதன் பீடம் 22 அடி. அந்தக் குளிர்காலத்துப் பனியின் உயரத்தைக் காட்டுவது. 1923இல் அவர் காலமானார். பொம்மை சட்டர் கோட்டைக்குப் போயிற்று. 1956இல் அதுவே கதைசொல்வதாக ஒரு சிறுவர் நாவல் வந்து, கலிபோர்னியப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழக்கமானது.

1986இல் உப்புச் சமவெளியில், இந்தக் கூட்டத்துடையவை என்று கருதப்படும் வண்டிகளின் இடத்தைத் தோண்டினார்கள். கிடைத்தவை உடைந்த மிச்சங்கள். மூட்டையைக் குறைக்கச் சொன்ன பெரியவர்கள் மேல் குற்றமில்லை; களைத்த காளை அவ்வளவுதான் இழுக்கும். ஆனால் அவர்கள் போட்ட எடைக்கணக்கில் ஒரு மரப்பொம்மைக்கும் ஒரு பானை கிறிஸ்துமஸுக்கும் இடமில்லை. அவற்றை அம்மாவும் மகளும் ஆளுக்கொன்றாக ஒளித்துக் காப்பாற்றியதால்தான், அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசுகிறவர்களுக்குச் சாவைத் தவிரச் சொல்லவும் சில சேதிகள் இருக்கின்றன.